ஆறாவது லைனுக்கு வந்த நோய்

“எழுந்து உக்காரவே முடியல மேடம். ஒடம்பெல்லாம் அனலா கொதிக்குது” என்று ஞானசுந்தரி போனில் முனகினாள். நடுவில் இரண்டு இருமல், கடைசியில் ஒரு பெருமூச்சு.

ஷூ கம்பெனியில் ஆறாவது லைனின் சூப்பர்வைசர் ஷஹீன் பானு. லீவு என்றாலே எரிந்து விழுகிறவள் இன்று அதிசயமாகக் குரலை உயர்த்தவில்லை. “நீயுமா?” என்று மட்டும் கேட்டாள். பிறகு, “சரிம்மா, ஒடம்ப பாத்துக்கோ” என்று வைத்துவிட்டாள்.

ஞானசுந்தரி போனை அணைத்துக் கைப்பையில் போட்டாள். வெள்ளைச் சேலையின் மடிப்பை நீவிக்கொண்டு, மாதனூர் சபையின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து ஆரோக்கியமாக வெளியே வந்தாள்.

பொய் சொன்னது தப்புதான். ஆனால் காரியம் பெரியது. ஆறாவது லைனுக்குப் புது லைன் லீடரை இன்று சாயங்காலம் ஷஹீன் பானு அறிவிக்கப் போகிறாள். ஏழு வருஷமாகத் தையல் மெஷினில் குனிந்து குனிந்து ஞானசுந்தரிக்குக் கழுத்தே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. இனியாவது நிமிர்ந்து நடந்து மற்றவர்களைக் குனியச் சொல்ல வேண்டும்.

அதற்கு மெஷினில் உட்கார்ந்தால் போதாது, வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் உட்கார வேண்டும் என்று முடிவு செய்திருந்தாள். ஆண்டவரிடம் பேரமும் பேசியாகிவிட்டது. பதவி கிடைத்தால் கிறிஸ்துமஸ் வரை சீரியல் பார்ப்பதில்லை.

உள்ளே நுழைந்ததும் திக்கென்றது. முதல் வரிசையில் ஃபீபி. கண்வலி என்று காலையில் லைன் வாட்ஸ்அப் குழுவில் லீவு போட்டவள், பாட்டுப் புத்தகத்தின் பொடி எழுத்தைத் தடங்கலில்லாமல் படித்துக்கொண்டிருந்தாள். கணுக்கால் பிசகி நடக்கவே முடியாத ஜெனிஃபா கைதட்டிக் குதித்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தால் பின்னால் இன்னும் எட்டுப் பேர். ஆறாவது லைனில் கிட்டத்தட்ட பாதி அங்கேதான் இருந்தது.

ஒருவருக்கொருவர் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டார்கள். உடம்பு எப்படி இருக்கிறது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. அத்தனை பேரும் அதே பதவிக்குத்தான் மண்டியிட்டிருக்கிறார்கள் என்பது ஞானசுந்தரிக்குப் புரிந்தது. ஆண்டவருக்கு இன்று வேலை ஜாஸ்தி.

அவள் குரலை உயர்த்தி ஜெபித்தாள். ஜெனிஃபா அதைவிட உயர்த்தினாள். ஃபீபி அழவே ஆரம்பித்துவிட்டாள். ‘கண்வலிக்காரி அழுதா அது செல்லாது ஆண்டவரே’ என்று ஞானசுந்தரி தன் ஜெபத்தில் ஒரு வரி சேர்த்துக்கொண்டாள்.

பதினொரு மணிக்குப் பாஸ்டர் ஜெஸ்டன் விண்ணப்ப ஜெபத்துக்கு எழுந்தார். முகத்தில் சிரிப்பில்லை. காலையில் தனக்கு ஒரு போன் வந்ததாகச் சொன்னார். ஆம்பூர் பக்கம் ஒரு கம்பெனியில், ஒரே லைனில், ஒரே காலையில் பதினொரு பேர் நோயில் விழுந்துவிட்டார்களாம். வேறு மதத்து அம்மா ஒருவர் நம் ஜெபத்தை நம்பி, பெயரும் நோயும் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னாராம்.

சட்டைப் பையிலிருந்து காகிதத்தைப் பிரித்தார். “ஃபீபி, கண்வலி. ஜெனிஃபா, கணுக்கால்.” கைதட்டல் பட்டென்று நின்றது. “ஞானசுந்தரி, எழுந்து உக்கார முடியாத ஜுரம்.”

ஞானசுந்தரி முக்காட்டை மூக்கு வரை இழுத்துவிட்டாள். பாஸ்டர் பதினொரு பெயரையும் வாசித்து, ஒவ்வொரு நோயையும் அதட்டி விரட்டி, உருகி உருகி ஜெபித்தார். முடிவில் சபை ஆமென் சொன்னது. பதினொரு பேருக்கு மட்டும் வாய் வரவில்லை.

பாஸ்டர் கண்ணைத் திறந்தார்.

“சொகமானவங்கல்லாம் எழுந்து வெளிய போங்க. அந்தம்மா கம்பெனி பஸ்ஸோட வாசல்ல நிக்கிறாங்க.”