சங்கிலித் தையல்

"இனிமே ஞாயிற்றுக்கிழமையும் ஆபீஸ் உண்டு. சம்மதம்னா எல்லாரும் எழுந்து நில்லுங்க" என்றார் மேலாளர்.

நாற்காலிகள் கிறீச்சிட்டன. டீக் கோப்பைகளை அப்படியே மேஜைமேல் வைத்துவிட்டு எல்லோரும் எழுந்தார்கள், பூத்தையல் அக்காவைத் தவிர. ஆபீசில் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் கைக்குட்டையில் ரோஜா தைத்துக் கொடுத்து அந்தப் பெயரை வாங்கியவர். வாயில்லாப் பூச்சி.

"ஏம்மா, உங்களுக்குத் தனியாச் சொல்லணுமா?"

"என்னால முடியாது சார்."

மேலாளர் முகம் சிவந்தது. "வேலை போயிடும். யோசிச்சுக்குங்க."

அக்காவின் கண்கள் கலங்கின. ஆனால் ஆள் அசையவில்லை.

அதைப் பார்த்த கணக்காளர் பொத்தென்று உட்கார்ந்தார். அடுத்து டைப்பிஸ்ட் பெண். பிறகு மொத்தக் கூட்டமும்.

"சரி, சரி! ஞாயிறு லீவாவே இருக்கட்டும்!" மேலாளர் தன் லேப்டாப்பைக்கூட எடுக்காமல் வெளியேறினார்.

கைதட்டல் காதைப் பிளந்தது. "அக்கா, இனி நீங்கதான் எங்க தலைவி! எழுந்து ரெண்டு வார்த்தை பேசுங்க!"

அக்கா அப்போதும் எழவில்லை. டைப்பிஸ்ட் பெண்ணைப் பக்கத்தில் இழுத்துக் கிசுகிசுத்தார்.

"ஓடிப்போய் ஒரு கத்தரிக்கோல் கொண்டு வாம்மா. மீட்டிங் போரடிக்குதேன்னு மடியில வச்சு சங்கிலித் தையல் பழகினேன். மேஜைவிரிப்பையும் என் டிரஸ்ஸையும் சேர்த்துத் தைச்சுத் தொலைச்சிட்டேன். நான் எழுந்தா, இத்தனை டீயும் சார் லேப்டாப் மேலதான்!"