மணிக்கயிறு

வீட்டில் குழந்தை பிறந்து ஐந்து நாட்களாகியும் பிரகாசி பள்ளியில் யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பள்ளியில் படிக்கும் யார் வீட்டிலாவது குழந்தை பிறந்தால், அந்த வீட்டுப் பிள்ளைதான் காலை வழிபாட்டுக்கு மணி அடிக்கும். அடித்துவிட்டுக் குழந்தையின் பெயரை மைக்கில் சொல்ல வேண்டும். எல்லோரும் "இறைவனுக்கு நன்றி" என்பார்கள். நான்காம் வகுப்புக்கு வந்ததிலிருந்து பிரகாசிக்கு அந்தக் கயிற்றின் மேல்தான் கண். தம்பி வேண்டுமென்று தினமும் வழிபாட்டில் கையைத் தூக்கிக் கேட்டுப் பள்ளி முழுவதையும் செபிக்க வைத்தவளும் அவள்தான்.

கோயிலுக்கு வந்த பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர் சொல்லித்தான் தலைமையாசிரியை சிஸ்டர் எமரன்சியாவுக்கு விஷயம் தெரிந்தது.

"அழுத்தக்காரி! வாயத் தொறந்தியா நீ? வா, வந்து அடி."

பல கைகள் பிடித்துக் கயிறு வழவழவென்று இருந்தது. பிரகாசி ஒரே ஒரு முறை இழுத்தாள். ஓசை அடங்கிய பிறகும் கயிற்றை விடவில்லை.

"தம்பியா, தங்கச்சியா?"

"தங்கச்சி, சிஸ்டர்."

"அப்ப உங்க வீட்டுல நாலு ராணிங்க!" சிஸ்டர் சிரித்தபடி மைக்கை அவள் உயரத்துக்கு இறக்கினார். "பேரச் சொல்லு."

ஏதாவது ஒரு புனிதையின் பெயரைச் சொல்லிவிடலாம். ஆனால் முன்வரிசையில் அவளுடைய தங்கைகள் இருவரும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எல்லோரும் கைகூப்பிக் காத்திருந்தார்கள்.

"பேரு அவங்கதான் வைப்பாங்க, சிஸ்டர்."

"யாருடி அவங்க?"

"தெரியல. கார்ல வந்தாங்க. இதுவும் பொட்டப்புள்ளன்னு அப்பா தூக்கிக் குடுத்துட்டாரு."