மாமியார் கூட்டிப்போன மேட்னி

"தலையக் குனிடி, எண்ணெய் வெக்கறேன்" என்றாள் லட்சுமியம்மாள்.

செந்தமிழ்ச்செல்விக்குத் தூக்கிவாரிப் போட்டது. எண்ணெய்க் கிண்ணத்தைத் தொட்டாலே, "உங்கப்பன் வூட்ல செக்கு ஓடுதா?" என்று கேட்கிற மாமியார் இவள். வடக்கனந்தலுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து செல்வி கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போன பேச்சு அது.

"இன்னிக்கு ஞாயித்துக்கெழமைங்க அத்தை. பொம்பளைங்க வெள்ளி, செவ்வாயிலதான் தேய்ச்சிக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். இப்ப நானே தேய்ச்சு வுடறேன். பேசாம உக்காரு."

உட்கார்ந்தாள். எண்ணெய் உச்சியில் இறங்க இறங்கக் கண் சொக்கியது. மனசுதான் வாசலிலேயே கிடந்தது.

வியாழக்கிழமை இடஒதுக்கீடு கேட்டு நடந்த மறியலுக்கு அவள் புருஷன் அய்யப்பனும் போயிருந்தான். சாலையில் புளியமரத்தை வெட்டிப் போட்ட கூட்டத்தைப் போலீஸ் துரத்தியது. ஓடிய ஆம்பளைகள் எல்லாரும் கல்வராயன் மலை ஏறிவிட்டதாகவும், அய்யப்பனும் அங்கேதான் பதுங்கியிருப்பான் என்றும் ஊரில் பேச்சு. இன்று விடிகாலை யாரோ வந்து கூப்பிட, மாமனார் நாராயணசாமி சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போனார். "விழுப்புரத்துல வக்கீலப் பாக்கப் போயிருக்காரு" என்று மாமியார் சொல்லியிருந்தாள்.

குளித்துவிட்டு வந்தால் அடுப்பில் கறிக்குழம்பு கொதிக்கிறது. நல்லி எலும்பு மகனுக்கு, உருளைக்கிழங்கு மருமகளுக்கு என்பது அந்த வீட்டுச் சட்டம். இன்றைக்கு எலும்பு அத்தனையும் செல்வியின் தட்டில் விழுந்தது.

"நீங்க துன்னலீங்களா?"

"அவன் வூடு வந்து சேர்ற வரைக்கும் கவுச்சி தொடறதில்லன்னு வேண்டிக்கினு இருக்கேன். நீ துன்னு. சீக்கிரம் கெளம்பு, கள்ளக்குறிச்சிக்கு மேட்னி போலாம்."

செல்வி கையிலிருந்த எலும்பைத் தட்டிலேயே போட்டாள். "அவரு மலையில பட்டினியா கெடக்கறாரு. நான் சினிமா பாக்கறதாங்க?"

"தெருவுல போலீஸ்காரன் சுத்திக்கினு இருக்கான். நீ மூக்கச் சிந்திக்கினு குந்தியிருந்தா, இந்த வூட்டு ஆளுதான் மறியலுக்குப் போனான்னு கண்டுபிடிச்சிட மாட்டானா? சிரிச்சிக்கினு வா."

அதுவும் சரிதான். புருஷனைக் காப்பாற்றச் சிரிக்க வேண்டுமென்றால் சிரித்துவிட்டுப் போகிறாள். கல்யாணப் புடவையையே எடுத்துக் கட்டிவிட்டாள் லட்சுமியம்மாள்.

தெருவில் இறங்கினால் ஒரு பேச்சுக் குரல் இல்லை. "எங்க கெளம்பிட்டீங்க?" என்று கேட்காமல் யாரையும் விடாத எதிர்வீட்டுத் தைலம்மாள்கூட, செல்வியைக் கண்டதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பாவம், போலீஸ் பயம் எல்லாரையும் ஆட்டி வைத்திருந்தது.

பஸ் ஓட ஆரம்பித்துவிட்டிருந்தது. வெட்டிய மரங்களைச் சாலை ஓரத்துக்குத் தள்ளியிருந்தார்கள். கொட்டகையில் பாதி நாற்காலி காலி. படம் நல்ல சிரிப்புப் படம். செல்வி தன்னை மறந்து சிரித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். காமெடிக்குக்கூட அழுகிற பொம்பளையை இப்போதுதான் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் மசால்தோசை. வேண்டாம் வேண்டாம் என்றாலும் இன்னொன்று. அதற்கப்புறம் வளையல் கடை.

"ஒரு டஜன் போதுமாம்மா?" என்றார் கடைக்காரர்.

"இன்னா கஞ்சத்தனம்? ரெண்டு கையும் நெறையப் போடுய்யா" என்று அதட்டினாள் லட்சுமியம்மாள்.

கஞ்சத்தனத்தைப் பற்றி யார் பேசுவது என்று செல்விக்குச் சிரிப்பாக வந்தது. "வளகாப்பு மாதிரி இருக்குதுங்க அத்தை" என்றாள். மாமியார் காசைக் கொடுத்துவிட்டு வெளியே நடந்தாள். பூக்காரியிடம் கூடையில் மிச்சமிருந்த மல்லிகை முழுவதையும் வாங்கி, தெருவென்றும் பாராமல் மருமகளைத் திருப்பி நிறுத்தித் தலையில் வைத்துவிட்டாள். அதற்குள் கொண்டை ஊசியை ரெண்டு தரம் கீழே நழுவ விட்டாள்.

"இன்னாங்க அத்தை, ஒடம்பு சரியில்லீங்களா?"

"வெயிலு ஜாஸ்தி. வேற ஒண்ணுமில்ல. திரும்பு, பாக்கறேன்." கொஞ்ச நேரம் பார்த்தாள். "நல்லா இருக்குதுடி."

இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்விக்குப் பிறந்த வீட்டில்கூடக் கிடைத்ததில்லை. அவர் வந்ததும் முதல் வேலையாக, உங்கம்மா தங்கமானவங்க என்று சொல்லிவிட வேண்டும். இத்தனை நாள் மாமியாரைத் திட்டியதற்கு மனசுக்குள்ளேயே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு திரும்பினார்கள். சற்றைக்கெல்லாம் நாராயணசாமி வந்து வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மாமனாருக்குத் தண்ணீர் மொண்டுகொண்டு வந்த செல்வி, வெளியே பேச்சுக் கேட்டுக் கதவருகில் நின்றாள்.

"நாளைக்குக் காலையில ஒப்படைச்சிடறாங்களாம்" என்றார் அவர். "கையெழுத்து போட்டுட்டு வந்துட்டேன்."

செல்விக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பிடிபட்டிருந்தாலும் பரவாயில்லை, விட்டுவிடுகிறார்களே. நாளைக்கு இந்நேரம் மனுஷன் வீட்டில் இருப்பார். வளையல்கள் குலுங்காமல் கையைப் பிடித்துக்கொண்டு காதைக் கொடுத்தாள்.

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டியா?" என்றார் நாராயணசாமி.

"அவன் பொணம் வாசலுக்கு வர்ற வரைக்கும் அவகிட்ட வாயத் தொறக்கக்கூடாதுன்னு தெரு பூரா சொல்லி வெச்சிருக்கேன்" என்றாள் லட்சுமியம்மாள். "நாளையிலேர்ந்து பூ வெக்காத, பொட்டு வெக்காதன்னு ஊரே சொல்லப் போவுது. இன்னிக்கு ஒரு நாளாவது அதையெல்லாம் வெச்சிக்கினு தூங்கட்டும்."