திருப்தி இல்லை

பதினொன்று எண்ணும்வரை மகள் பிடி இல்லாமல் நின்றாள்.

இரண்டு கம்பிகளுக்கு நடுவே, ஏழு வயது மதிவதனி. பிறந்ததிலிருந்து தானாக நின்றறியாத கால்கள்.

பார்த்துக்கொண்டிருந்த தாய்க்கு வயிறு நிறைந்துவிட்டது. தன் கண்ணே பட்டுவிடுமோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பயிற்சி கொடுக்கும் ஜெசிந்தா, பிள்ளையை அங்கேயே பாயில் உட்கார வைத்துவிட்டு வந்து ஒரு தாளை நீட்டினாள். பெற்றோர் கருத்துப் படிவம்.

உங்கள் குழந்தைக்குக் கிடைக்கும் பிசியோதெரபி சேவை குறித்து:

மிகவும் திருப்தி. திருப்தி. திருப்தி இல்லை.

மூன்று கட்டங்கள்.

அவள் பேனாவைப் பிடித்தபடி யோசித்தாள்.

ஒன்பது வருடமாக மெஸ்ஸில் இலைக்குப் பரிமாறுகிறவள். அந்தச் சொல்லின் அர்த்தம் அவளுக்குத் தெரியாததா? சாப்பிடுகிறவர் ‘திருப்தி’ என்றுவிட்டால் சோற்று வாளி அடுத்த இலைக்குப் போய்விட வேண்டும். அதன்பிறகு ஒரு பருக்கை வைக்கக் கூடாது.

வெளியே பெஞ்சில் எத்தனை பிள்ளைகள் காத்திருக்கின்றன.

போன மாதம் ஒரு தாய் சந்தோஷமாக ‘மிகவும் திருப்தி’ போட்டாள். மறு வாரத்திலிருந்து அவள் மகனைக் காணோம். அவன் நடக்கத் தொடங்கிவிட்டான், இனி வர வேண்டியதில்லை என்றார்கள். அது இவள் மனதில் ஏறவில்லை.

‘திருப்தி இல்லை’யில் அழுத்தி ஒரு டிக் போட்டுக் கொடுத்தாள்.

ஜெசிந்தாவின் முகம் சுண்டிப்போனது.

“என்னக்கா குறை வச்சேன்?”

“குறை ஒண்ணுமில்ல மேடம். திருப்தின்னு சொல்லிட்டா எலைய எடுத்துருவாங்கல்லா?”

ஜெசிந்தா சிரிக்கவில்லை. தாளின் அடியில் பொடி எழுத்தில் இருந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினாள்.

சிகிச்சையாளரின் அடுத்த ஆண்டுப் பணி, பெற்றோர் கருத்தைக் கொண்டு முடிவு செய்யப்படும்.

அவள் இரண்டு முறை படித்தாள்.

முன்னால் போனால் கடிக்கிறது, பின்னால் போனால் உதைக்கிறது. தன் பிள்ளையை நிற்க வைத்த கையையே தட்டிவிடப் பார்த்தாளே.

தாளைத் திரும்ப வாங்கினாள். போட்டதை அடித்தாள். ‘மிகவும் திருப்தி’யில் டிக் போட்டாள்.

அதோடு விட மனம் வரவில்லை. கீழே காலியாக இருந்த இடத்தில், எழுத்தெழுத்தாக எழுதினாள்.

இன்னும் வைக்கவும்.

ஜெசிந்தா அதைப் படித்தாள். கருத்துப் பெட்டியில் போடாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

பிறகுதான் இருவரும் கம்பிகளின் பக்கம் திரும்பினார்கள்.

பாயில் யாரும் இல்லை.

மதிவதனி நின்றுகொண்டிருந்தாள். கைகள் இரண்டும் கம்பியைத் தொடவில்லை.

யாரும் எண்ணியிருக்கவில்லை.