தட்டும் பட்டை

காது கேளாத என் சித்திக்காகவே நானும் என் கூட்டாளியும் கல்லூரி ஆய்வகத்தில் அந்தக் கைப்பட்டையைச் செய்தோம். யாராவது கதவைத் தட்டினால் சத்தத்தைப் பிடித்து மணிக்கட்டில் அதிரும். கட்டிவிட்ட மறுநாளே போனில் சித்தியின் செய்தி வந்தது.

“யாரோ தட்டுறான்டா. ஜன்னல்ல பார்த்தா ஆளே இல்லை.”

“காத்தா இருக்கும் சித்தி.”

“காத்து விட்டு விட்டுத் தட்டுமா? இப்ப வேகமாத் தட்டுறான். பயமா இருக்குடா.”

பைக்கில் பறந்தோம். வாசலில் ஈ காக்காய் இல்லை. ஜன்னலில் எங்களைப் பார்த்து, விளக்குமாறும் கையுமாகக் கதவைத் திறந்த சித்தி, “பாரு, இப்பவும் தட்டுறான்” என்று மணிக்கட்டை நீட்டினாள்.

கூட்டாளி தலையில் அடித்துக்கொண்டான். “மைக்கைத் தோலோட ஒட்டி வெச்சுட்டோம்டா. இது சித்தியோட நாடித்துடிப்பு.”

எங்கள் சரக்கு இத்தனை சீக்கிரம் பல்லிளித்ததே என்று சிரித்தபடி பட்டையை என் கையில் கட்டிப் பார்த்தேன். ஒரே சீராக அதிர்ந்தது. அவன் கையிலும் அப்படியே.

திரும்பச் சித்தி கையில் கட்டினோம். இரண்டு அதிர்வு. நின்றது. பிறகு தடதடவென்று நாலைந்து. மறுபடி நின்றது.

எங்கள் சிரிப்பு அடங்கிவிட்டது.

“யாருடா தட்டுறான்?” என்றாள் சித்தி.

போனில் எழுதிக் காட்டினேன்: “செருப்பைப் போடு சித்தி. ஆஸ்பத்திரிக்குப் போறோம்.”