கிளி ஸ்கூல்ல ஒரு சீட்டு

ஒரு அம்மா காக்கா அலகுல செவப்புச் சாயம் பூசிட்டு இன்டர்வியூ போயி, தன் குஞ்சைக் கிளிங்க நடத்துற இன்டர்நேஷனல் ஸ்கூல்ல சேத்துச்சு. அங்க 'கா'ன்னு வாயத் தொறந்தா அன்னிக்குச் சோறு கிடையாது.

"ஏன்டி, ஆபத்துல 'கா'ன்னு கத்தினாத்தானே நாம எல்லாரும் ஓடி வருவோம்?"ன்னு பக்கத்துக் கூட்டுக் காக்கா கேட்டுச்சு.

"உம்புள்ளைக்கு சீட்டு கிடைக்கலன்னு வயித்தெரிச்சல்க்கா உனக்கு!"

ரெண்டே மாசம். ஸ்கூல் விட்டு வர்ற வழியில குஞ்சைப் பூனை கவ்விருச்சு. குஞ்சு கத்துக்கிட்ட மாதிரியே "கீ... கீ..."ன்னு அலறுச்சு. ஒரு காக்காவும் அசையல.

அம்மா காக்கா மட்டும் தலையைச் சாய்ச்சுக் கேட்டுச்சு. "எந்தக் கிளி பெத்த புள்ளையோ, என்ன அழகாக் கத்துது! அடுத்த வருஷம் நம்ம புள்ளையும் இப்படித்தான்க்கா கத்தும்."