ரப்பர் வளையமும் தெத்துப்பல்லும்

பூங்கோதையின் தெத்துப்பல்லைக் கம்பியோடு சேர்த்து இழுத்துப் பிடித்திருந்தது ஒரு ரப்பர் வளையம். தினமும் மூன்று வேளை மவுத்வாஷ் வந்து வாயெல்லாம் புரண்டுவிட்டுப் போகும்.

"அண்ணே, நீங்க வந்து போற ஒவ்வொரு தடவையும் என் பிடி தளருது. ஒரு வேளையோட நிறுத்திக்கக் கூடாதா?" என்றது வளையம்.

"வாய் நாறினா உன்னையா திட்டுவாங்க? நீ உன் வேலையைப் பாரு," என்றது மவுத்வாஷ்.

வளையம் தன் வேலையைப் பார்த்தது. நிறம் மங்கி, உடம்பு தொய்ந்த பிறகும், மிச்சமிருந்த பலத்தோடு இழுத்துக்கொண்டே இருந்தது.

மாதம் முடிந்ததும் டாக்டர் பார்த்தார். "வாய் சுத்தமா இருக்கு. ரப்பர்தான் சரியில்லை," என்று அதைக் கழற்றிக் குப்பையில் போட்டுப் புதியதை மாட்டினார்.

"பழசு ஒண்ணுமே செய்யலையாமே?" என்றது புது வளையம்.

"நான் நிக்கிற இடத்தைப் பாரு," என்றது பல். "போன மாசம் நான் இங்கே இல்லை."